வயலின் எந்தப் பக்கம்?

ஔந்த் ஏரியாவில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டின் ஹாலுக்கு இரண்டு வயர்லெஸ் ஸ்பீக்கர் வாங்கினேன். ஹை-ரெசல்யூஷன் பாட்டுக்கென்று தனிச் சந்தாவும் கட்டினேன். ஆனால் போனிலிருந்து புளூடூத்தில் அனுப்பினால் பாட்டின் நுணுக்கம் குறைந்துவிடுகிறது. வைஃபை வழியாக ஸ்பீக்கரே நேரடியாக எடுத்துப் பாட வேண்டும். அதைச் சரிசெய்வதிலேயே ஆபீஸ் விட்டு வந்த சாயங்காலங்கள் எல்லாம் போயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவழியாக எல்லாம் கூடிவந்தது. மனைவி சுதாவைக் கூப்பிட்டு சோபாவின் நடுவில் உட்காரவைத்தேன்.

“கண்ணை மூடிக்கோ. வயலின் எந்தப் பக்கமிருந்து வருதுன்னு சொல்லு.”

“வலது பக்கம்ங்க.”

வயலின் இடது ஸ்பீக்கரில் ஒலித்துக்கொண்டிருந்தது.

“உனக்குப் போட்டுக் காட்டினேன் பாரு, என்னைச் சொல்லணும்” என்று எரிந்து விழுந்தேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். “எனக்கு எல்லாமே வலது பக்கந்தாங்க கேக்குது. இடது காது அடைச்சாப்ல இருக்குன்னு போன மாசமே சொன்னேனே. ஸ்பீக்கரை நோண்டிக்கிட்டே ‘ம்’னு சொன்னீங்க.”

மறுநாளே டாக்டரிடம் போனோம். காது நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது, உடனே வந்திருந்தால் மருந்தில் தேறியிருக்கலாம் என்றார். திரும்பும்போது ஆட்டோவில், “நானாவது இன்னொரு தடவை சொல்லியிருக்கணும்” என்றாள் சுதா. அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இப்போது அவள் பேசத் தொடங்கினாலே பாட்டை நிறுத்திவிடுகிறேன். ஆனால் அன்று நான் ஸ்பீக்கரை நோண்டிக்கொண்டிருந்தபோது அவள் என்ன வார்த்தைகளில் சொன்னாள் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.