மூச்சக்காவின் முதல் வசனம்

அந்தக் காலத்தில் நடக்கிற துப்பறியும் டிவி தொடர் ஒன்றில் பதினோரு வருஷமாகச் செத்துக்கொண்டிருந்தவள் அவள். குதிரை வண்டியும் எண்ணெய் விளக்கும், கையில் பிரம்போடு ஒரு துப்பறிவாளரும் வரும் தொடர். வாரம் ஒரு கொலை விழும். விழும் பிணங்களில் பாதி இவள்தான். விக்கை மாற்றினால் சீமாட்டி, மூக்கில் மரு ஒட்டினால் சமையல்காரி. கேமரா முகத்தருகே வந்தாலும் ஒன்றரை நிமிஷம் மூச்சை அடக்கிவிடுவாள். அதனால் செட்டில் எல்லோருக்கும் அவள் மூச்சக்கா.

வீட்டில்தான் சங்கடம். மருமகள் பிணமாக வந்ததும் மாமியார் டிவி முன்னாலிருந்து எழுந்து போய்விடுவார். "உசுரோட இருக்கிறவள பொணமா பாக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?" என்பார். ஒரு எபிசோடைக்கூட அவர் முழுதாகப் பார்த்ததில்லை. ஊரே பார்த்து என்ன, அத்தை பார்க்கவில்லையே என்று இவளுக்கு ஆறாத குறை.

அப்படிப்பட்டவளுக்கு வசனம் கிடைத்தது. பங்களா வேலைக்காரி வேஷம். "ஐயா, அந்தக் கதவு உள்பக்கம் பூட்டல. நான் பாத்தேன்." இவ்வளவுதான்.

"அத்தை, இந்த வாட்டி பேசறேன்," என்றாள் கிளம்பும்போது.

"பேசினா பாக்கறேன்," என்றார் மாமியார்.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பஸ்ஸில் வசனத்தை முணுமுணுத்து முணுமுணுத்து, பக்கத்து சீட்டுக்காரரை இடம் மாறி உட்கார வைத்தாள்.

செட்டில் டைரக்டர் "ஆக்‌ஷன்" என்றார். பழக்கதோஷம் விடுமா? கண் நிலைகுத்தியது, மூச்சு நின்றது. துப்பறிவாளராக நடித்தவர் கேள்வியைக் கேட்டுவிட்டு, நின்றுகொண்டிருந்த ஒரு பிணத்திடம் பதிலுக்குக் காத்திருந்தார். செட்டே சிரித்தது. இரண்டாவது டேக்கிலும் அதே கதி.

"இன்னொரு தடவை செத்தீங்கன்னா வசனத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்," என்றார் டைரக்டர்.

மூன்றாவது தடவையும் மூச்சு தானாக நின்றது. ஆனால் அத்தையின் முகம் நினைவுக்கு வர, அடக்கிய மூச்சோடு சேர்த்து வசனத்தையும் வெளியே தள்ளினாள். குரல் நடுங்கி, உடைந்து, பயந்து வந்தது.

டைரக்டர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "ஓகே. பயம்னா இதுதான் பயம்."

சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் கொலைக் கதையில் உண்மையைப் பார்த்தவள் என்ன ஆவாள்? மதியம் அதே உடையில் அவளை மாடிப்படியடியில் கிடத்தினார்கள். இதைப் பற்றி வீட்டில் அவள் வாயே திறக்கவில்லை.

ஒளிபரப்பு நாளில் மாமியார் நாற்காலியை டிவிக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். வசனம் வந்தது. "நெஜமாவே பயந்தாப்ல பேசறாளே," என்று மகனைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த காட்சியில் மாடிப்படி. இவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, நாற்காலி நகரும் சத்தத்துக்குக் காத்திருந்தாள்.

"அம்மா, சேனலை மாத்திடவா?" என்று புருஷன் ரிமோட்டை எடுத்தான்.

மாமியார் அவன் கையைத் தட்டிவிட்டார். "கீழ வைடா அத. என் மருமகளக் கொன்னவன் மாட்டாம நான் இந்த இடத்த விட்டு எந்திரிக்க மாட்டேன்."