ஐந்தாவது வீரன்

தொண்ணூறுகளில் திருநெல்வேலி ஜங்ஷனில் நான் தங்கியிருந்த விடுதியின் எதிர் அறைக்காரர், வாசலில் குனிந்தே நுழைய வேண்டிய அளவு உயரமானவர். யாரிடம் பேசினாலும் முதலில் உட்கார்ந்துகொள்வார். அவரைத் தேடி எவரும் வந்து நான் பார்த்ததில்லை.

அவருடைய அலமாரியில் ஆங்கிலப் படக்கதைச் சாகச வீரர்கள் நால்வர் பொம்மைகளாக நின்றனர். கதையில் அந்தக் குழுவுக்கு ஐந்து பேர். ஐந்தாமவனை அந்தப் பொம்மைகளைச் செய்த நிறுவனம் செய்யவேயில்லை. வேறொரு நிறுவனம் செய்தவனை, துபாயிலிருந்து விடுப்பில் வந்த மேலப்பாளையத்துக்காரர் ஒருவர் மூலம் வரவழைத்தார். பெட்டியைப் பிரித்து நிறுத்தியபோது, மற்ற நால்வரும் அவன் இடுப்பளவே இருந்தார்கள்.

"கம்பெனிக்கு ஒரு அளவு வச்சிருக்கான் வே! இவங்க எல்லாம் ஒரே கூட்டம்னு யாரு நம்புவா?" என்றார்.

"இவன மட்டும் தனியா வச்சிருங்களேன், அண்ணாச்சி" என்றேன்.

"தனியா வைக்கதுக்கா இம்புட்டு நாளு தேடுனேன்?"



மறுநாள் காலையில் எட்டிப் பார்த்தேன். நெடியவனை முழங்கால் மடக்கி, நால்வருக்கும் நடுவே உட்கார வைத்திருந்தார். ஐந்து தலைகளும் ஒரே மட்டத்தில் இருந்தன.

"இப்பம் சரியாயிட்டுல்லா?" என்று தரையில் அமர்ந்தபடியே அவர் அண்ணாந்து கேட்டார்.

நின்றுகொண்டே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.