பீரோக் கண்ணாடியில் தெரிந்த ஆள்

எங்கள் வீட்டில் யாரையும் சட்டென்று நம்பும் வழக்கம் இல்லை. அத்தா மட்டாஞ்சேரி பஜாரில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்கிறார். மூட்டையின் மேலாக இருக்கும் மிளகாயை அவர் பார்ப்பதே கிடையாது; கையை அடிவரை விட்டு ஒரு பிடி எடுத்த பிறகுதான் வாயைத் திறப்பார். அம்மா அவரையும் மிஞ்சியவள். பால்காரர் சிரித்தால் எதற்குச் சிரித்தார் என்று மத்தியானம் வரை யோசிப்பாள். இவர்கள் இருவருக்கும் பிறந்த நான் எப்படி இருப்பேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எலெக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது இன்டர்ன்ஷிப்புக்காகக் கண்ணில் பட்ட கம்பெனிக்கெல்லாம் எழுதிப் போட்டேன். பதில் வந்தது ஒன்றே ஒன்றுதான். காக்கநாட்டில், கருவிகளுக்கான சர்க்யூட் போர்டு செய்கிற சிறிய கம்பெனி. வீடியோவில் இன்டர்வியூ என்றார்கள். இதையும் விட்டால் விடுமுறை முழுக்க அத்தாவின் கடையில் உட்கார்ந்து பில் அடிக்க வேண்டியதுதான். அது கூடப் பரவாயில்லை. அடுத்த வருஷம் வேலை தேடும்போது காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. எங்கள் கல்லூரியின் பெயரைச் சொன்னால் அது எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேட்கிறவர்கள்தான் அதிகம். எனக்கு இந்த இடம் கிடைத்தே ஆக வேண்டியிருந்தது.

கல்லூரியில் இதற்கென்றே ஒரு வகுப்பு வைத்தார்கள். கூட்டத்தில் தனித்துத் தெரிய வேண்டும், கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், குறையைக் கேட்டால் அதையும் நிறையாக மாற்றிச் சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்தினார்கள். அறுபது பேருக்கும் ஒரே பாடத்தை நடத்திவிட்டு எல்லோரும் தனித்துத் தெரியுங்கள் என்றால் எப்படி என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

கம்பெனியிலிருந்து வந்த மெயிலை அம்மாவுக்குத் தமிழில் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. அறைக்கதவைச் சாத்திவிட்டுத் தனியாக உட்கார வேண்டும், கேமராவைச் சுழற்றி அறை முழுவதையும் காட்ட வேண்டும், அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், முடியும் வரை எழுந்து போகக் கூடாது. சுள்ளிக்கல்லில் எங்கள் சொந்தக்காரர் ஒருவரை யாரோ மோசடிக்காரன் போலீஸ் என்று சொல்லிப் போனிலேயே ஒரு பகல் முழுக்க அறைக்குள் அடைத்து வைத்த கதை அந்த வாரம்தான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓடிக்கொண்டிருந்தது.

"கதவைச் சாத்தச் சொல்றான். கார்டைக் காட்டச் சொல்றான். அங்கயும் இதேதானடி சொன்னான்?" என்றாள் அம்மா.

"அம்மா, இது காப்பியடிக்காம இருக்கிறதுக்கு. எல்லா கம்பெனியிலயும் இப்படித்தான்."

"எல்லாக் கள்ளனும் அப்படித்தான் சொல்லுவான்."

பிறகு அவள் பேச்சை விட்டுவிட்டாள். அம்மா ஒரு விஷயத்தில் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிறாள் என்றால் நான் உஷாராகியிருக்க வேண்டும். இன்டர்வியூ படபடப்பில் அதைக் கோட்டை விட்டுவிட்டேன்.

அன்றைக்கு முகம் கழுவிவிட்டு வந்து கதவைச் சாத்தினேன். லேப்டாப்பில் இரண்டு பேர் வந்தார்கள், ஒரு ஆணும் ஒரு பெண்ணும். அட்டையைப் பார்த்தார்கள். அறையைக் காட்டச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன், சொல்லவில்லை. நேராகக் கேள்விக்குப் போய்விட்டார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு கணக்கு கொடுத்தார்கள், இந்த ரெசிஸ்டர்களுக்கு நடுவில் எத்தனை வோல்ட் வரும் என்று. எனக்குக் கணக்கு என்றால் உதடு அசையும். படித்ததெல்லாம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும்தான், ஆனால் எண்ணுவது மட்டும் தமிழில். சின்ன வயதில் அத்தாவோடு கடையில் மூட்டை எண்ணிப் பழகிய நாக்கு அது.

விடையைச் சொன்னேன். அந்த ஆள் கேமராவுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார்.

"ஆரோடா சம்சாரிக்குன்னது?" என்றார். யாரோடு பேசுகிறாய் என்று.

"ஆரும் இல்லா சார். கணக்கு போட்டேன்."

"லேப்டாப்பைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்" என்று அவர் அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் சொன்னது எனக்கும் கேட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது. நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று லேப்டாப்பைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டினேன். கட்டில், மேசை, ஜன்னல், பீரோ. பீரோவில் ஆளுயரக் கண்ணாடி உண்டு. அந்தக் கண்ணாடியில் கதவோரத்து மூலை தெரிந்தது. அங்கே துணி மாட்டும் கொக்கியில் தொங்கும் என் மழைக்கோட்டுக்குப் பின்னால், முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

வெளியார் ஒருவர் வந்து வீட்டில் ஆண்கள் இல்லாவிட்டால் எங்கள் வீட்டுப் பெண்கள் முன்னால் வர மாட்டார்கள். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்பார்கள். தேவைப்பட்டால் அங்கிருந்தே பதிலும் சொல்வார்கள். அம்மாவைப் பொறுத்தவரை லேப்டாப்பில் வந்தவரும் வெளி ஆண்தான். மகளைத் தனியாக விடவும் முடியாது, அவர் முன்னால் வரவும் கூடாது. அதனால் நான் முகம் கழுவப் போன நேரத்தில் வந்து ஒளிந்துகொண்டிருக்கிறாள். அவளுக்கு அது மரியாதை. பார்த்தவர்களுக்கு அது காப்பி.

யாரும் இல்லை என்று அப்போதுதான் சொல்லியிருந்தேன். அம்மா வெளியே வந்தாள். மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"சாறே, எங்க பிள்ளை கார்டைப் பாத்தீங்கள்ல? உங்க கார்டைக் காட்டுங்க" என்றாள். "ஆபீஸ் எவிடெயா? எந்த ஸ்டாப்பில எறங்கணும்?"

அந்த ஆள் முகம் சிவந்துபோனார். அந்தப் பெண் மட்டும் கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றாமலே கேமராவுக்கு நேரே பிடித்துக் காட்டினார். அதோடு திரை அணைந்துவிட்டது.

"பாத்தியா, எறங்குற எடம் கேட்டதும் ஓடிட்டான்" என்றாள் அம்மா, ஜெயித்துவிட்ட முகத்தோடு.

நான் அழுதேன். தனித்துத் தெரிய வேண்டும் என்றார்களே, நன்றாகத் தெரிந்தாயிற்று. திருடி என்று கல்லூரிக்கு எழுதப் போகிறார்கள் என்றே நினைத்தேன். அம்மாவோடு பேசவில்லை. அவள் கொண்டுவந்து வைத்த சாயா ஆறி ஆடை கட்டிப் போயிற்று.

மறுநாள் மெயில் வந்தது. நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. தானும் வருவேன் என்று கிளம்பிவிட்டாள். கலூரில் பஸ் மாறிப் போனோம். வாசலில் இருந்த செக்யூரிட்டிச் சேட்டனிடம், இங்கே பெண்பிள்ளைகள் வேலை செய்கிறார்களா, சாயந்திரம் நேரத்துக்கு விடுகிறார்களா என்று அவள் விசாரித்துக்கொண்டிருந்தபோது என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

அதே இரண்டு பேர். அன்றைக்கு நான் சொன்ன விடை சரிதான், ஆனால் அது யாருடைய விடை என்று தெரிய வேண்டும் என்றார் அந்தப் பெண். புதிதாக ஒரு கணக்கைக் கொடுத்தார்கள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு போட்டுப் பார்த்தேன், வரவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு வாய்விட்டே தமிழில் எண்ணினேன். அந்த ஆள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். விடை சரியாக வந்தது.

பிறகு மேசையில் ஒரு போர்டையும் அதை அளக்க ஒரு மீட்டரையும் வைத்தார்கள். சென்சாரில் ஒன்றும் படாமலே எண் ஏறி இறங்குகிறது, முதலில் எதைப் பார்ப்பாய் என்று கேட்டார் அவர்.

வகுப்பில் சொல்லிக்கொடுத்த சிரிப்பெல்லாம் எனக்கு மறந்துபோயிருந்தது. முதலில் கிரவுண்டு வயரைச் சந்தேகப்படுவேன், பிறகு சப்ளையை, பிறகு சென்சாரை என்றேன். "அதுக்கு முன்னாடி இந்த மீட்டரையே வேற ஒரு மீட்டர் வச்சுப் பாப்பேன்."

"ஏன், எங்க மீட்டருக்கு என்ன?"

"தெரியாது சார். நீங்க குடுத்தது. நான் பாக்கல."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஆள் எழுந்து போய் அலமாரியிலிருந்து இன்னொரு மீட்டரை எடுத்து வந்து வைத்தார். போர்டில் கிரவுண்டு வயர் பாதி கழன்றிருந்தது. மீட்டரில் ஒரு கோளாறும் இல்லை.

அடுத்த வாரம் என்னை எடுத்துக்கொண்டதாக மெயில் வந்தது. அடுப்படிக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அத்தனை பேர்ல உன்னை எதுக்கு எடுத்தான்?"

எனக்குச் சுருக்கென்றது. அன்று நடந்த எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன், இதைப் பொறுக்க முடியவில்லை. ஒரு வாரமாக எனக்குள்ளேயும் இருந்த பயம் அதுதான். அதை அம்மாவின் வாயால் கேட்டது அறைந்தது போல இருந்தது.

"ஏன், நான் அதுக்கு லாயக்கில்லையா?" என்று கத்திவிட்டேன்.

அம்மா திகைத்துப் போய் என்னைப் பார்த்தாள். நான் எதற்குக் கத்துகிறேன் என்று அவளுக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

"நீ கெட்டிக்காரின்னு எனக்குத் தெரியும்" என்றாள். "ரெண்டு தடவை பாத்த ஆளுக்கு அது எப்படித் தெரிஞ்சுது? அதத்தானே கேட்டேன்."