வாயை மூடிய சிங்கங்கள்

எங்கள் வாசகசாலைப் புத்தர் சிலைக்கு முன்னால் அன்று நானும் கல்லலிலிருந்து வந்த கொத்தனாரும் இருந்தோம். இருவருமே சிங்கத்தை நேரில் பார்த்ததில்லை. செல்போன் கேமராவில் தன் முகத்தைப் பார்த்துத் தானே உறுமிக்கொண்டுதான் அவர் சிங்கமுகம் செய்வார். ஆனால் பீடத்துக்குச் செய்திருந்த இரண்டும் வாயை மூடியிருந்தன. மறுநாள் திறப்பு விழா.

"புத்தரு பேச்சையே சிங்க கர்ஜனைன்னுதான் சொல்லுவாக. இப்படி மூடி வச்சிருக்கீகளே?" என்றேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான், விடுவேனா?

"அவுக பேசயில, கீழ கெடக்கது எதுக்குத் தம்பி வாயத் தொறக்கணும்? கேக்கட்டும்."

சிம்ம கர்ஜனை பற்றி விழாவில் பேசப் பதினெட்டுப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். என் முறை வந்தபோது எழுந்தேன், சிங்கங்களைப் பார்த்தேன், உட்கார்ந்துவிட்டேன்.

கொத்தனார் கூலி நாலாயிரம் ரூபாய், என் பதினெட்டுப் பக்கம். மொத்தச் செலவு அவ்வளவுதான்.