ஃபியூஸைப் பிடுங்கிய கடைக்கு ஒரு புது பிரவுசர்

"அக்கா, நீ போட்டுக் குட்த்த லினக்ஸு என் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுச்சு. ஒடனே வா!"

காலையில் இப்படி ஒரு போன் வந்தால் யாருக்குக் காப்பி இறங்கும்? பேசியது லோகநாயகி. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் நெட் சென்டர் வைத்திருப்பவள். காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குப் போகும் லாரிகளுக்கு ஆன்லைனில் பாஸ் எடுத்துக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. அவளுடைய பழைய கம்ப்யூட்டர் விண்டோஸைத் தாங்காமல் மூச்சு வாங்கியதால், கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் நான்தான் லேசான லினக்ஸ் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு போனேன். கடை வாசலில் லாரி டிரைவர் ஏழுமலை நின்றிருந்தார். பாஸ் எடுக்கும் வெப்சைட் திறக்கவே இல்லை.

"மத்தியானத்துக்குள்ள பாஸ் வர்லன்னா, பொன்னேரில வேற கடைய பாத்துக்குறோம்னு டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்ல சொல்ட்டாங்கக்கா. அவங்க போய்ட்டா கடைய சாத்திக்கினு போவ வேண்டியதுதான்." லோகுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

லினக்ஸோடு வந்த பிரவுசர் ரொம்பச் சின்னது. அந்த வெப்சைட் அதில் நொண்டிக்கொண்டுதான் ஓடும். இன்று அடியோடு படுத்துவிட்டது, வேறு பிரவுசர் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். டெர்மினலைத் திறந்து கமாண்ட் அடித்தேன். எரர். பிரவுசரை இறக்கும் சர்வரை மாற்றினேன். அதே எரர். எனக்குத்தான் கோபம் மூக்கு மேல் உட்கார்ந்திருக்குமே, கீபோர்டை ஓங்கி ஒரு தட்டு தட்டினேன்.

"அக்கா, அது என்னுது" என்றாள் லோகு.

"பேசாம வேற மிஷினு வாங்கிடும்மா. இது பேஜாரு" என்றார் ஏழுமலை.

"அண்ணே, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க!" என்று எரிந்து விழுந்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்த எரரை நிதானமாகப் படித்தேன். சர்வரில் இருக்கும் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை என்றது. ஏற்கெனவே சர்வரில் ஏற்றிவைத்த ஃபைல் எப்படி இன்னும் செல்லாமல் இருக்கும்? திரையின் மூலையைப் பார்த்தேன். பல வருடங்களுக்கு முந்தைய ஒரு ஜனவரி முதல் தேதி. அட கடவுளே! தேதி தப்பாக இருந்தால் கம்ப்யூட்டர் எந்த வெப்சைட்டையும் நம்பாது, புது சாஃப்ட்வேரையும் ஏற்காது.

"லோகு, நேத்து கடைய சாத்தும்போது இன்னா பண்ண?"

"பக்கத்துக் கடைல ஒயரு எரிஞ்சி போச்சுக்கா. அதான் ஃபியூஸ் கட்டையவே புடுங்கி பைல போட்டுக்கினு ஊட்டுக்குப் போய்ட்டேன்." பெருமையாகத்தான் சொன்னாள். இந்தப் பக்கம் பல கடைகளில் இப்படித்தான் செய்கிறார்கள்.

உள்ளே கடிகாரத்தை ஓட்டும் பட்டன் பேட்டரி எப்போதோ செத்திருக்கிறது. பிளக்கில் வரும் கரண்டில் இத்தனை நாள் தேதி நின்றது. ராத்திரி முழுக்க ஃபியூஸ் கட்டை இல்லாமல் போனதில் தேதியும் போய்விட்டது. லேசான லினக்ஸ் என்பதால், நெட்டைப் பார்த்து நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும் வசதி அதில் இல்லை.

தேதியைச் சரிசெய்துவிட்டு அதே கமாண்டை அடித்தேன். புது பிரவுசர் சமர்த்தாக உள்ளே வந்து உட்கார்ந்தது. வெப்சைட் நொண்டாமல் திறந்தது. பிரிண்டரிலிருந்து பாஸ் வந்ததும் ஏழுமலை, "சூப்பரும்மா!" என்று சொல்லிவிட்டு லாரிக்கு ஓடினார். பக்கத்து வாட்ச் கடையில் பேட்டரி வாங்கி மாற்றிவிட்டுத்தான் நான் கிளம்பினேன்.

சர்வீஸுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளே, மிஷின் மேல் கை வைக்கும் முன் தேதியைப் பாருங்கள். கடையை எப்படிச் சாத்தினார்கள் என்று கேளுங்கள். கீபோர்டைத் தட்டாதீர்கள்.

டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் வேறு கடைக்குப் போகாமல் லோகுவிடமே இருந்துவிட்டது. வேலை கூடி, பழைய கம்ப்யூட்டர் இன்னொன்றும் வாங்கினாள். லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். பிரவுசர் போட மறுநாள் வருவதாகச் சொல்லியிருந்தேன். காலையிலேயே போன்.

"நீ வராதக்கா. பிரவுசர நானே போட்டுட்டேன்."

"எரர் எதுவும் வர்லியா?"

"எப்டி வரும்? மொதல்ல தேதியத்தான பாத்தேன்."