தெரு முனையில் ஒரு பலகை

டென்மார்க் தேசத்தில் ஒரு பட்டணத்தில் ஒரு தெரு இருக்கிறது. உருண்டைக் கல்லாகப் பாவிய பழைய தெரு. இரண்டு பக்கமும் குட்டைக் குட்டையாக வீடுகள், கூரை கைக்கு எட்டும். ஒரு வீட்டுக்கு மஞ்சள் சாயம், அடுத்ததற்குச் சிவப்பு, அதற்கடுத்ததற்கு நீலம். வாசலுக்கு வாசல் ஆளுயரப் பூச்செடி. அந்தத் தெருவைப் படம் பிடித்துத் தபால் அட்டையில் அச்சடித்து விற்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு எனக்கு வருஷா வருஷம் ஓர் அட்டை வருகிறது. பக்கத்து வீட்டுக்காரி வாங்கிப் பார்த்துவிட்டு, "யம்மா, என்ன அழகு! நீ இந்தத் தெருவில நடந்திருக்கியா?" என்று கேட்பாள். இரண்டு தடவை போயிருக்கிறேன். ஒரு தடவை ஓடினேன், ஒரு தடவை நடந்தேன். இரண்டும் எனக்கு ஆகவில்லை. அவளிடம் அதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? "ஆமாட்டி" என்று அட்டையைப் பிடுங்கி வைத்துவிடுவேன்.

அத்தானைப் பற்றிச் சொல்லாமல் அந்தத் தெருவைப் பற்றிச் சொல்ல முடியாது. அத்தான் என்றால் என் அக்காவைக் கட்டியவர். ஒன்பது வருஷம் நான் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. எதிரே வந்தால் காறித் துப்பிவிட்டுப் போவேன். அவ்வளவு கோபம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கம். எனக்குப் பதினைந்து வயசு. அக்காவுக்குத் தலைப்பிரசவம், எங்கள் வீட்டில். விடியும்போது பிடித்த நோவு உச்சிப்பொழுதாகியும் தீரவில்லை. மருத்துவச்சி கையை உதறிவிட்டு, "என்னக் கொண்டு ஆவாது, மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றாள். அத்தான் கூண்டு வண்டியைப் பூட்டினார். வைக்கோல் பரப்பி, பாய் விரித்து, அக்காவைக் கிடத்தினோம். அவள் தலை என் மடியில், கால் அம்மை மடியில். முன்னும் பின்னும் சேலையைக் கட்டி மறைத்திருந்ததால் எங்களுக்கு வெளியே ஒன்றும் தெரியாது.

ஆஸ்பத்திரிக்கு நேர்வழி கோயில் தெருவைக் கடந்து போகும். தெரு முனையில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். இன்னின்ன சாதி இதற்கு மேல் வரக்கூடாது என்று. எங்கள் சாதியும் அதில் உண்டு. நாங்கள் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து மூன்று தலைமுறை ஆகியிருந்தது, பைபிள் வாசிக்கத் தெரியும், ஆனால் பலகைக்கு அதெல்லாம் தெரியுமா? வண்டி அங்கே வந்து நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அத்தான் காளைகளை அதட்டுகிற சத்தம் கேட்டது, வண்டி திரும்பியது. குளத்தங்கரை வழியாகச் சுற்றினால் இரண்டு மைல் கூடுதல். கரை மேல் ஏறும்போது அக்காவின் தலை என் மடியில் திடீரென்று கனத்தது. எனக்குப் புரியவில்லை. அம்மைக்குப் புரிந்துவிட்டது.

தெருவில் கம்போடு ஆட்கள் நின்றார்கள் என்று பின்னால் ஊரில் பேசிக்கொண்டார்கள். பத்துப் பேர் என்றார்கள், இருபது பேர் என்றார்கள். அத்தான் வாயே திறக்கவில்லை. அடக்கம் முடிந்த அன்றே அவர் முகத்துக்கு நேரே கேட்டேன்: "இருபது பேரு நின்னா என்ன வே? மேல ஏத்தி அடிச்சிட்டுப் போகத் தெரியாதா? நீரெல்லாம் ஒரு ஆம்பிளையா?" அம்மை என் வாயிலேயே ஒரு அடி போட்டாள். அத்தான் தலையைக் குனிந்துகொண்டு போனார். அதன்பிறகு அஞ்சுகிராமத்துப் பக்கம் போய்க் கருப்பட்டிக் கடை வைத்தார் என்று கேள்வி. வேறு பெண் கட்டவில்லை. கட்டினால் எனக்கென்ன, கட்டாவிட்டால் எனக்கென்ன என்று இருந்தேன்.

அந்த மிஷன் ஆஸ்பத்திரியில்தான் நான் நர்ஸ் ஆனேன். அங்கே டென்மார்க்கிலிருந்து வந்த மதாம்மை ஒருத்தி இருந்தாள். வெள்ளைக்காரப் பெண்களை நாங்கள் மதாம்மை என்போம். முப்பது வருஷமாக இங்கேயே கிடந்து, எங்கள் பேச்சை எங்களைப் போலவே இழுத்து இழுத்துப் பேசுவாள். "ஏட்டி, வெந்நியக் கொண்டா" என்று அவள் கூப்பிடுவதைக் கண்ணை மூடிக் கேட்டால் எங்கள் தெருக்காரி என்றே நினைப்பீர்கள். பெற்ற தாயைவிட அவளிடம் எனக்குப் பிரியம். நெஞ்சு நோவு வந்து அவளால் இனி முடியாது என்றானபோது, கப்பலில் கூடப்போய் ஒரு வருஷம் பார்த்துக்கொள்ள என்னை அனுப்பினார்கள். தூத்துக்குடியில் ஏறும்போது டாக்டர் என்னிடம் சொன்னார்: "நெஞ்சு வலி வந்தா ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதே. உடனே டாக்டரைக் கூட்டிட்டு வா. அவ உயிர் உன் கையில." கையில் இல்லை, என் காலில்தான் இருந்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மதாம்மையின் தம்பி மகள் அந்தப் பட்டணத்தில் பள்ளிக்கூட வாத்திச்சி. அவள் வீட்டு மாடியில் எங்களுக்கு இடம். ஜன்னலைத் திறந்தால் அந்தக் கல் பாவிய தெருவின் முனை தெரியும். "அந்தா பாரு, அதுதான் நான் பொறந்த தெரு. உடம்பு கொஞ்சம் தேறட்டு, உன்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுதேன்" என்பாள் மதாம்மை. தம்பி மகளும் முதல் நாளே ஜன்னலில் நின்று இங்கிலீஷில் காட்டித் தந்தாள்: தெருவின் மறுகோடியில் பச்சைக் கதவு, பித்தளை மணி, அதுதான் டாக்டர் வீடு.

எல்லாம் சரி. ஆனால் தெரு முனையில் ஒரு பலகை நின்றது.

வெள்ளைப் பலகை, கறுப்பு எழுத்து, எனக்கு வாசிக்கத் தெரியாத பாஷை. எங்கள் ஊர்ப் பலகையின் அதே உயரம். ரொட்டி வாங்கப் போகும்போது தினமும் அதன் முன்னால் போவேன். கிட்டே வரும்போதே கால் தானாக ரோட்டின் அந்தப் பக்கம் மாறிவிடும். உள்ளே ஜனங்கள் நடக்கத்தான் செய்தார்கள். எங்கள் ஊரிலும் அந்தத் தெருக்காரர்கள் நடக்கத்தானே செய்வார்கள்? வெள்ளைக்காரன் தேசத்திலும் இருக்குப் போல என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமாவது கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்கிறதாவது! பலகைக்கு அர்த்தம் கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. கண்டால் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். முதல் வாரத்திலேயே நானாகச் சுற்றுவழி கண்டுபிடித்துவிட்டேன். ஓடைக்கரையோடு போய், பாலம் ஏறி, சரக்கு அடைக்கிற ஒரு பெரிய கிட்டங்கியைச் சுற்றிக்கொண்டு போனால் தெருவுக்குள் நடக்காமலே பச்சைக் கதவுக்கு வந்துவிடலாம். கெட்டிக்காரி என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு. மதாம்மையிடம் மூச்சு விடவில்லை. அவளுக்குச் சங்கடமாகிவிடும் என்று நினைத்தேன். அவள் கையைப் பிடித்துக் கூட்டிப் போனால் விட்டாலும் விடுவார்கள், அன்றைக்குப் பார்க்கலாம் என்று இருந்தேன்.

ஐப்பசி மாசத்து ஞாயிற்றுக்கிழமை காலை. தம்பி மகள் சர்ச்சுக்குப் போயிருந்தாள். போன் வைத்திருந்த கீழ்க்கடை பூட்டிக் கிடந்தது. மதாம்மை காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்தாள். "ஏட்டி, இது அதுதான். ஓடு" என்றாள்.

ஓடினேன். படியில் உருளாத குறையாக இறங்கி, அந்தத் தெரு முனைக்கு வந்து, பலகையைப் பார்த்தேன்.

திரும்பினேன்.

யோசித்துத் திரும்பினேன் என்று சொன்னால் பொய். கால் திரும்பியது. ஓடைக்கரை, பாலம், கிட்டங்கி. நனைந்த சருகில் இரண்டு இடத்தில் விழுந்தேன். முழங்கால் சேலையோடு கிழிந்தது. "கர்த்தாவே, கர்த்தாவே" என்று வாய் சொல்கிறது, கால் சுற்றிக்கொண்டு போகிறது.

டாக்டர் மணிச்சத்தம் கேட்டதும் பையோடு வந்தார். நான் வந்த வழியே ஓடப் பார்த்தேன். அவர் என் மணிக்கட்டை எட்டிப் பிடித்து நேரே அந்தத் தெருவுக்குள் இழுத்தார். நான் உடம்பைப் பின்னால் தள்ளினேன். பயத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார். கல் மேல் டக்டக்கென்று ஓடினோம். ஒரு கிழவி வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள், எங்களுக்காக விளக்குமாற்றைத் தூக்கி வழிவிட்டாள். ஒருத்தன் ஜன்னலில் இருந்து ஏதோ நல்ல வார்த்தை சொன்னான். யாரும் தடுக்கவில்லை. முழுசாக இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, மறுமுனை வந்துவிட்டது. ஐயோ, அந்த இரண்டு நிமிஷத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மதாம்மை நாற்காலியிலேயே சாய்ந்திருந்தாள். கை இன்னும் சூடாக இருந்தது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இங்கிலீஷில் சொன்னார்: "பத்து நிமிஷம் முன்னால் வந்திருந்தால் ஊசி போட்டுப் பார்த்திருக்கலாம்."

தம்பி மகள் வந்து கேட்டாள், ஏன் இவ்வளவு நேரம் என்று. "வழி தப்பிட்டேன்" என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பாவம், புது ஊர், உனக்கு எப்படித் தெரியும் என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். அந்த ஆறுதலைப் போல என்னைச் சுட்டது வேறொன்றும் இல்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அவள் என்னை அந்தத் தெருவுக்குக் கூட்டிப் போனாள். அத்தை ஆசைப்பட்டாளே, நீ பார்க்காமல் போகக்கூடாது என்றாள். மதாம்மை பிறந்த நீல வீடு, அவள் விளையாடிய கிணற்றடி, வாசலில் பூச்செடிகள், எல்லாம் காட்டினாள். அழகுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு கல்லாக எண்ணிக்கொண்டே நடந்தேன். முனைக்கு வந்ததும் மெதுவாகக் கேட்டேன், இந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று. அவள் ஒரு சிரிப்போடு சொன்னாள்: "கல்லெல்லாம் ரொம்பப் பழசு. பாரவண்டி ஓட்டினால் பெயர்ந்துவிடும். வண்டி போகக்கூடாது, நடந்து போகலாம் என்று."

நடந்து போகலாம்!

ஊருக்குத் திரும்பினேன். ஆஸ்பத்திரியில் எல்லோரும் வெள்ளைக்காரச் சீமைக் கதை கேட்டார்கள். பனி, கப்பல், ரொட்டி என்று ஏதோ சொல்லிவைத்தேன். ஒரு மாசம் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் அஞ்சுகிராமத்துக்குப் பஸ் ஏறினேன்.

அத்தான் கடையில்தான் இருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார், எங்கே துப்பிவிடுவேனோ என்று பயந்தவர் போல. பிறகு முக்காலியைத் துடைத்துப் போட்டார்.

"இரு மக்கா" என்றார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகும் அதே மக்கா.

நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். தெரு, பலகை, ஓடைக்கரை, பத்து நிமிஷம். "நானும் சுத்தித்தான் போனேன் அத்தான். உங்கள அன்னைக்கு அவ்வளவு பேசினேனே, நானும் சுத்தித்தான் போனேன்" என்று சொல்லி அழுதேன்.

அத்தான் கருப்பட்டிச் சிப்பத்தின் மேல் ஓலையை இழுத்து மூடினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"உன்னை அங்க யாராவது தடுத்தாவளா?"

"இல்ல அத்தான். யாருமே தடுக்கல்ல. அதுதான் எனக்கு ஆறல்ல. உங்களுக்காவது இருபது பேரு கம்போட நின்னாவ."

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லிச்சே."

"ஊரு சொல்லிச்சு, நான் சும்மா இருந்திட்டேன்" என்றார் அத்தான். "உச்சி வெயிலு மக்கா. தெருவில ஒரு ஆளு இல்ல. நடுவில ஒரு நாய் படுத்துக் கெடந்து. அதுகூட எந்திரிக்கல்ல."