கைவலையில் வந்தவள்

தொங்மி குளத்தில் கைவலையை இறக்கினால் மீன்கள் வரிசை பிடித்து வரும். கூட்டிச் சொல்லவில்லை. ஒருமுறை ஒரு கெளுத்தி, ஒரு தவளை, மூன்று வருஷத்துக்கு முன் ஊர்த்தலைவர் தொலைத்த கைக்கடிகாரம், எல்லாம் ஒரே அள்ளலில் வந்தன. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிஷம் வேகம், அவ்வளவுதான்.

மேகோங் ஆற்றுக்கு இந்தப் பக்கம், எங்கள் நாதோன் ஊரில், தொங்மியைப்போல் கைராசிக்காரி கிடையாது. வயது ஐம்பத்தெட்டு. விதவை. அவளால் முடியாதது ஒன்றுதான், வாயை மூடுவது. தன் முறை வரட்டும் என்று காத்திருந்து காத்திருந்தே அவள் புருஷன் செத்தான் என்பார்கள். அவளும் அப்படித்தான் சொல்வாள்.

கொரோனா வந்த வருஷம் அவள் தங்கை நுவன் பத்தொன்பது நாள் மாவட்ட ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பார்க்க ஒருவரையும் விடவில்லை. நெஞ்சு தெளிந்துவிட்டது என்று தாளில் எழுதி, சக்கர நாற்காலியில் வாசல்வரை தள்ளிவந்து ஒப்படைத்தார்கள். வீட்டுக்கு வந்தவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கையில் கொடுத்த ஒட்டரிசி உருண்டை காய்ந்து கல்லாகும்வரை அப்படியே வைத்திருந்தாள். பேச்சில்லை. அசதி என்றார் டாக்டர்.

ஊருக்குத் தெரியாதா? ஓர் உடம்பில் முப்பத்திரண்டு குவான்கள், உயிரைத் தாங்கும் ஆவிகள், குடியிருக்கின்றன. பயந்த குவான் படுத்த இடத்திலேயே தங்கிவிடும். அதனால்தான் நோயாளி வீடு திரும்பும் அன்று சொந்தக்காரர் ஒருவர் கைவலையோடு கட்டிலருகே போய் அதை அள்ளி வருவது வழக்கம். இந்த முறை யாரும் போகமுடியவில்லை. நுவனின் குவான் அவள் படுத்திருந்த ஒன்பதாம் கட்டிலிலேயே நின்றுவிட்டது. அது வராவிட்டால் நுவன் அறுவடைவரைகூடத் தாங்கமாட்டாள்.

தொங்மி வலையில் அவித்த முட்டை, ஒட்டரிசி, இரண்டு வாழைப்பழம், நுவனின் ஊதாச் சட்டை எல்லாம் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றாள். காவல்காரர் பூன்லுவா எங்கள் பக்கத்து ஊர்க்காரர்.

"அண்ணே, அஞ்சே நிமிஷம். மூணாவது மாடிக்குப் போயி அள்ளிட்டு வந்துடுறேன்."

"மீனா? மேல கொழாய்லயே தண்ணி வரல, தொங்மி."

"தங்கச்சியோட குவான், அண்ணே."

அவர் சிரிப்பை நிறுத்தினார். பலகையைக் காட்டினார். "ஆளுங்க உள்ள போகக்கூடாது. பொருள் மட்டும் பத்துலேருந்து பதினொண்ணு வரைக்கும் வாங்குவோம். கட்டில் நம்பர் எழுதிக் குடுக்கணும்."

"வலை ஆளா, பொருளா?"

பூன்லுவா பலகையை இன்னொருமுறை படித்தார். "பொருள்தான். அது போகலாம். நீ போகமுடியாது."

தொங்மி சீட்டில் எழுதினாள்: ஒன்பதாம் கட்டில். நோயாளி போய்விட்டார். மீதி இருக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் மூன்றாம் மாடி ஜன்னலில் வெள்ளை உடுப்புக்குள் ஒரு நர்ஸ், பகலில் வந்த நிலா மாதிரித் தெரிந்தாள். சீட்டைப் படித்தவுடன் அவளுக்குப் புரிந்திருக்கிறது. எங்கள் பக்கத்துப் பெண். வலையைத் தூக்கிக் காட்டினாள். தொங்மி தூங்குமூஞ்சி மரத்தடியிலிருந்து கத்தினாள்: "வா, நுவன் குவானே, வா! ஆக்சிஜன் உருளைக்குப் பின்னால ஒளியாத! எறும்பு முட்டைக் குழம்பு ஆறுது! அக்கா வந்திருக்கேன், வா!"

ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நர்ஸ் ஒருமுறை அள்ளினாள், இருமுறை அள்ளினாள். மூன்றாம் முறை வலை கனத்துத் தொய்ந்தது. காற்றே இல்லை. பூன்லுவா சத்தியம் செய்கிறார்.

கீழே வந்த வலைமேல் அவர் விதிப்படி கிருமிநாசினி அடித்தார்.

"அடப்பாவி, பிள்ளைக்குக் கண்ணு எரியும்யா!"

தொங்மி பேசிய கடைசி வார்த்தை அதுதான். குவானைச் சுமப்பவர் வீட்டுப் படிக்கு வந்து சேரும்வரை வாய் திறக்கக்கூடாது. திறந்தால் அது வழியிலேயே இறங்கிவிடும். பதினெட்டு கிலோமீட்டர் தூரம். பைக்கின் பக்கப்பெட்டியில் வலை. அதன் வாயை மூடிய ஊதாச் சட்டையின் கை, மேடு வரும்போதெல்லாம் எழுந்து வழியில் பார்த்தவர்களுக்கு டாட்டா காட்டியது. வயல்நீரில் மேகங்கள் மேய்ந்தன. எருமைகள் ஒதுங்கி வழிவிட்டன. தவளைகள் கச்சேரியை நிறுத்திவிட்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தன.

ஊர் எல்லையில் கயிறு கட்டி நின்றாள் சுகாதாரத் தொண்டர் பெங்சி. "எங்கேருந்துடி வர்றே? என்ன, ஒட்டரிசி வாயை ஒட்டிடுச்சா? ஆஸ்பத்திரியா?"

தொங்மி தலையாட்டினாள்.

"எத்தனை பேரு?"

பொய் சொன்னால் குவானுக்கு ஆகாது. தொங்மி இரண்டு விரலைக் காட்டினாள்.

பெங்சி வலையைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள். கைகூப்பி வணங்கினாள். நோட்டில் எழுதினாள்: இருவர், பதினாலு நாள். "கோவிச்சுக்காதடி. தலைவர் மருமகனையே குடிசையில வச்சேன். வார்டுலேருந்து வந்தது யாரா இருந்தாலும் சட்டம் ஒண்ணுதான்."

கயிற்றுக்கு வெளியே வயல் குடிசையில் தொங்மி வலையைக் கம்பத்தில் மாட்டினாள். வீடு இன்னும் வரவில்லையே! அதனால் பேச்சும் இல்லை. தொங்மி பேசாத அந்த நாட்களில்தான் ஊரில் பலபேர் தங்கள் மனசு என்ன சொல்கிறது என்று முதன்முதலாகக் கேட்டார்கள்.

நாலாம் நாள் சாயங்காலம் நுவன் ஜன்னலை விட்டு எழுந்தாள். யாரும் கூப்பிடவில்லை. வரப்பில் வெறுங்காலோடு நடந்துவந்து கயிற்றுக்கு இந்தப்புறம் உட்கார்ந்து வலையையே பார்த்தாள்.

"பத்து நிமிஷம்தான். ஆறடி தள்ளி உக்காரு. தொடக்கூடாது," என்றாள் பெங்சி. தன் குவானைத் தானே பார்க்க வந்தவளுக்கும் விதி விதிதான்.

தினமும் வந்தாள். ஏழாம் நாள் சோற்றுக்கூடை கொண்டுவந்து ஓர் உருண்டை தின்றாள். இன்னொன்றைக் கயிற்றுக்கு அடியில் வலைப்பக்கமாக வைத்தாள். பத்தாம் நாள் சீறினாள்: "அக்கா, முட்டையை எறும்பு தின்னுது, பாத்துக்கிட்டே இருக்கியே!"

தொங்மி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பதினைந்தாம் நாள் காலை கயிறு அவிழ்ந்தது. தொங்மி வலையோடு வந்து வீட்டு ஏணிப்படியின் அடியில் நின்றாள். கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. துருப்பிடித்த குரலில் கேட்டாள்: "குவான் வந்துடுச்சா?"

உள்ளே இருப்பவர்கள் சேர்ந்து 'வந்தாச்சு' என்று சொல்லவேண்டும். அவர்கள் வாயெடுப்பதற்குள் நுவன் படியில் இறங்கி, குவான் மறுபடி போய்விடாமல் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

"வந்து பத்து நாளாச்சு அக்கா. நீதான் லேட்டு."

தொங்மி முடிச்சைப் போட்டாள். பிறகு பேச ஆரம்பித்தாள்.